அண்ணி விதித்த தடை

அண்ணி,

நேற்று மாலை பாயான் பாரு பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்ததும், பொரித்த கடலையும் கறிவேப்பிலையும் கலந்த அந்த வாசனை எழுந்தது. அவ்வளவுதான், உங்கள் வீட்டு வரவேற்பறை கண்முன் வந்துவிட்டது. தொலைக்காட்சிக்கு நேர் எதிரே காலை மடக்கிக்கொண்டு, மடியில் கிண்ணத்தோடு நீங்கள். பக்கத்தில் நான். "கடலைய மட்டும் பொறுக்காதே விஜி, கலந்து எடு" என்று என் கையில் லேசாக ஓர் அடி.

நேற்று நான் பொட்டலத்தைப் பிரித்த நேரம்தான் செய்தியில் சொன்னார்கள். டெஸ்ட் ஆட்டம் ஒன்றில் ஒரு பந்துவீச்சாளர், ஆட்டமிழந்து போனவரைத் தோளால் இடித்தாராம். அடுத்த டெஸ்டில் ஆடத் தடை. "ஒரு டெஸ்ட் போதுமா அண்ணி?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் பந்து என்றாலே காலால் உதைப்பதுதான். திருச்சியிலிருந்து அண்ணனுக்கு மனைவியாக வந்த நீங்கள்தான் மட்டையையும் பந்தையும் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தீர்கள். அதிலும் ஐந்து நாள் ஆட்டம். எதிர்வீட்டுச் சீன ஆண்டி ஒரு முறை எட்டிப் பார்த்து, அஞ்சு நாள் ஆடியும் யாருமே ஜெயிக்கவில்லையா என்று மலாயில் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

மற்றவர்கள் ரன்னைப் பார்ப்பார்கள். நீங்கள் ஆளைப் பார்ப்பீர்கள். "அவுட்டாகிப் போறவன் எப்படிப் போறான்னு பாரு. அதுலதான் ஆள் யாருன்னு தெரியும்" என்பீர்கள். நடுவரின் தீர்ப்புக்கு முகம் சுளித்தால் சம்பளத்தில் பிடித்தம், அசிங்கமாகப் பேசினால் தண்டனைப் புள்ளி, புள்ளிகள் சேர்ந்தால் தடை என்று அந்த ஒழுங்கு விதிகளெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்ததனால் வந்த ஈடுபாடோ என்னவோ. கடிக்கிற பிள்ளை, கிள்ளுகிற பிள்ளை என்று நாள் முழுவதும் உங்களுக்கு விசாரணைதான். ஒரு பிள்ளையை மூலையில் நிறுத்தினால், எப்போது வெளியே வரலாம் என்பதையும் அந்த நிமிடமே சொல்லிவிடுவீர்களாம். ஏன் என்று கேட்டதற்கு, "சொல்லலன்னா அது அந்தப் பிள்ளைக்கு மூலை இல்ல விஜி, ஜெயிலு" என்றீர்கள்.

அந்தப் பேச்சு எங்கள் குடும்பத்துக்கே தேவைப்படும் ஒரு நாள் வருமென்று நான் நினைத்திருக்கவில்லை.

உங்கள் மகள் கவிதாவின் கல்யாண விருந்து. மண்டபம் நிறைய ஆட்கள். மேடையின் பின்பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் மாமாவை, என் தம்பி சேகர் திடீரென்று இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினான். அவர் போய் மேடையின் பூ வளைவில் விழ, அது அப்படியே மணமக்கள் மீது சரிந்தது. கவிதாவின் தலையெல்லாம் ரோஜா. சேகரின் வாயில் பீர் வாடை. சம்பந்தி வீட்டார் முன்னால் அண்ணன் கூனிக் குறுகி நின்றார். ஏன் தள்ளினாய் என்று கேட்டதற்குச் சேகர் வாயைத் திறக்கவில்லை.

"இனிமே என் கண்ணு முன்னால வராதே. உனக்கும் இந்த வீட்டுக்கும் ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணன்.

அப்பா அம்மா இல்லாத எங்களுக்கு அண்ணன் வீடுதான் தாய்வீடு. அதன் பிறகு வந்த தீபாவளிகளில் காலையில் உங்கள் வீடு, மாலையில் கடல் பாலத்தைத் தாண்டி அக்கரையில் பிறை ஊரில் தம்பி வீடு என்று நான் அலைந்தேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் படியேற, நடுவில் நான். இரண்டு பேருமே என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அவன் எப்படி இருக்கான்?" "அவர் எப்படி இருக்காரு?" அவர்களாகப் போய் ஒருவரை ஒருவர் பார்க்க மட்டும் முடியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பெரிய அணி ஒன்றின் ஆட்டக்காரர், பந்தைச் சுரண்டிச் சேதப்படுத்திய விஷயத்தில் மாட்டிக்கொண்டார். தப்பை ஒத்துக்கொண்டார். ஓர் ஆண்டு தடை என்று அறிவித்தார்கள். நாம் மூவரும் உங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். உங்களோடு பார்த்துப் பார்த்து அண்ணனுக்கும் அதற்குள் கிரிக்கெட் பைத்தியம் முற்றியிருந்தது. மேசையைத் தட்டினார்.

"ஒரு வருஷம் என்னலா ஒரு வருஷம்? ஆயுசுக்கும் தடை போடணும் இவனுக்கெல்லாம்!"

நீங்கள் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்தினீர்கள்.

"ஏங்க, அவங்க உக்காந்து பேசி ஒரு வருஷம்னு சொல்லிட்டாங்க. உங்க தம்பிக்கு எத்தன வருஷம்?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? அவன விசாரிச்சாங்க. உங்க தம்பிய யாரு விசாரிச்சா? இவனுக்கு முடியிற தேதி இருக்கு. உங்க தம்பிக்கு எங்க இருக்கு?"

அண்ணன் கார் சாவியை எடுத்தார். காடியைக் கழுவப் போகிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு பிறைக்குக் கிளம்பினீர்கள். சேகர் லோரி ஓட்டிவிட்டு வந்து அப்போதுதான் குளித்திருந்தான். உங்களை வாசலில் பார்த்ததும் ஈரத் தலையோடு அப்படியே நின்றுவிட்டான். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாலர் பள்ளிக் குரலில் கேட்டீர்கள்.

"விசாரணைக்கு வந்திருக்கேன். குத்தத்த ஒத்துக்கறியா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தள்ளுனது நான்தானே அண்ணி. ஊரே பாத்துச்சு."

"ஏன் தள்ளுன?"

சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். நீங்கள் விடவில்லை. கடைசியில் சொன்னான். மாப்பிள்ளையின் மாமா யாரிடமோ சொல்லிச் சிரித்தாராம்: ஊரிலிருந்து இறக்குமதி செய்த பெண், எந்தக் குடும்பமோ என்ன கதையோ, அவள் வளர்த்த பெண் எப்படி இருக்கும் என்று.

"உங்களப் பத்தி அண்ணி. என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியல."

"அப்புறம் ஏன்டா அண்ணன்கிட்ட சொல்லல?" என்று கத்தியது நான்.

"சொன்னா அவரு சும்மா இருப்பாரா அக்கா? நேரா சம்பந்தி வீட்டுக்குச் சண்டைக்குப் போவாரு. கவிதாவுக்கு அன்னைக்குத்தானே கல்யாணம். நான் ஒருத்தன் வெளியில இருந்தா முடிஞ்சு போச்சு."

நீங்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வெளியே லோரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பிறகு எழுந்துபோய், அவன் வீட்டுச் சமையலறையில் நீங்களே சீனி டப்பாவைத் தேடி எடுத்துத் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தீர்கள். கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"எனக்காகப் பண்ணின. சந்தோஷம்தான், இல்லேங்கல. ஆனா தள்ளினது தப்பு. வாயால பேசினவனுக்கும் தண்டன உண்டு, கைய வச்சவனுக்கும் உண்டு. கைய வச்சவனுக்குக் கூடுதலா."

அவன் தலையாட்டினான்.

"அந்த ஆட்டக்காரன் தடை முடிஞ்சு திரும்பி வந்து ஆடற அன்னைக்கு, நீயும் நம்ம வீட்டுக்கு வர்ற. வந்து அண்ணன்கிட்ட மன்னிப்பு கேக்கற. காரணம் சொல்லக் கூடாது."

"காரணம் சொல்லாம எப்படி அண்ணி மன்னிப்பு கேக்கறது?"

"காரணம் சொன்னா அது மன்னிப்பு இல்லடா. அப்பீலு."

திரும்பி வரும்போது பாலத்தின் மேல், இந்த விஷயம் நம் மூவரோடு நிற்கட்டும் என்றீர்கள். கவிதா அந்த வீட்டில் நன்றாக இருக்கிறாள், அது போதும் என்றீர்கள். ஆனாலும் நீங்கள் சாமானியப்பட்டவரா? பின்னாளில் பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விழாவுக்கு அந்த மாமா வந்தபோது, கை கூப்பி வரவேற்று, எல்லாருக்கும் பாயசம் கொடுத்தீர்கள். அவருக்கு மட்டும் வெந்நீர். "அவருக்குச் சக்கர வியாதியா அண்ணி?" என்று காதில் கேட்டேன். "இல்ல. அபராதம்" என்றீர்கள்.

பிறையிலிருந்து திரும்பிய அன்றிரவே அண்ணனிடம் தேதியைச் சொல்லிவிட்டீர்கள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வரட்டும். நான் வீட்ல இருக்க மாட்டேன்" என்றாராம். அந்த ஓர் ஆண்டும் நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டக்காரரைப் பற்றி ஏதாவது செய்தி வந்தால் மட்டும் அண்ணன் நாளிதழைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்திருப்பார் என்று நீங்கள் என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள்.

அந்த நாளும் வந்தது. இங்கே மாலையில் தொடங்குகிற ஆட்டம். சேகர் ஒரு பை நிறைய மங்குஸ்தீன் பழம் வாங்கிக்கொண்டு வந்து, இரும்புக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான். அண்ணன் வேலை முடிந்து வரும் நேரம் தாண்டிவிட்டது. ஆளைக் காணவில்லை. "கீழ போய்ப் பாரு விஜி" என்றீர்கள்.

காடியை நிறுத்தியிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். நான் கண்ணாடியைத் தட்டினேன். பாதி இறக்கினார்.

"வந்துட்டானா?"

"வந்துட்டான் அண்ணே."

முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குண்டாயிட்டானா?"

"இல்லண்ணே. இளைச்சுப் போயிருக்கான்."

எஞ்சினை நிறுத்தினார்.

மேலே நாங்கள் போனபோது, அந்த ஆட்டக்காரர் மட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தார். அரங்கம் முழுக்க ஊளைச் சத்தம். கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. அந்த மனிதர் தலையைத் தூக்காமல் நடந்துபோய், நின்று, மட்டையைத் தரையில் ஊன்றி ஆடத் தயாரானார். அதற்குள் உள்ளே வந்து சுவர் ஓரமாக நின்ற சேகர் அண்ணனைப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனும் அதையேதான் பார்த்தார். ஊளை அடங்குவதாக இல்லை.

"என்னலா இவனுங்க" என்றார் அண்ணன் திடீரென்று. "அதான் தண்டன முடிஞ்சு போச்சே. இன்னும் என்ன சத்தம்?"

 நீங்கள் மங்குஸ்தீன் பையை எடுப்பதுபோல் குனிந்துகொண்டீர்கள்.

"அண்ணே" என்றான் சேகர். "அன்னைக்கு நான் பண்ணது தப்புண்ணே. மன்னிச்சிருங்க."

அதற்கு மேல் அவன் வாய் எதையோ சொல்லத் துடித்தது எனக்குத் தெரிந்தது. உங்களைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

அண்ணன் சோபாவில் ஓரமாக நகர்ந்தார். "உக்காரு. நின்னுக்கிட்டே இருந்தா எப்படிப் பாக்கறது?"

அன்று அந்த ஆட்டக்காரர் எத்தனை ரன் எடுத்தார் என்று எனக்கு நினைவில்லை. மங்குஸ்தீன் சாறு பட்டு என் சேலையில் ஏறிய கறை மட்டும் நினைவிருக்கிறது. அதைத் தேய்க்க நீங்கள் சமையலறைக்குக் கூட்டிப்போனீர்கள். தேய்க்காமல், என் தோளில் முகத்தை வைத்து அழுதீர்கள். சத்தமே இல்லை. வெளியே இரண்டு பேரும் காலில் பட்ட பந்துக்கு அவுட்டா இல்லையா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் நோயில் விழுந்தபோது, அந்த இரண்டு பேரும்தான் மாறி மாறி மருத்துவமனையில் உங்களோடு இருந்தார்கள். சேகர் லோரியை எங்கேயோ நிறுத்திவிட்டு, கிரீஸ் கறை படிந்த சட்டையோடு ஓடி வருவான். நீங்கள் அவனைத் திட்டுவீர்கள். போய்க் கைகால் கழுவிவிட்டு வந்து உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில் இருக்கும் உங்களுக்கு ஸ்கோர் சொல்வான். கடைசியாக உங்களைத் தூக்கியபோது முன்னால் தோள் கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் தம்பி. இருவரும் ஒரே சீராகக் காலை எடுத்துவைத்து நடந்தார்கள். நான் பின்னால் நின்று அதைத்தான் பார்த்தேன் அண்ணி. உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அந்த மாமா என்ன பேசினார் என்பது அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. சேகர் ஒரு முறை, "இப்ப சொல்லிட்டா என்ன அக்கா?" என்று கேட்டான். அப்புறம் அவனே, "வேணாம், அப்பீலு காலம் முடிஞ்சு போச்சு" என்று சொல்லிக்கொண்டான்.

போன வாரம் என் மகள் என்னிடம் ஒரு பெரிய பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள். என்ன பொய் என்று எழுதினால் அவளுக்குக் கோபம் வரும்.  இனிமேல் உன்னோடு பேச்சே கிடையாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் உன்கூட பேச மாட்டேன்."

அவள் அழுதுகொண்டே கேட்டாள். "அப்புறம்?"

"அப்புறம் சாப்பிட வா. மத்தியானம் நண்டு வாங்கறேன்."

சனிக்கிழமை காலையிலேயே நான் பேசிவிட்டேன். இது விதிமீறல்தான். நீங்கள் இருந்திருந்தால் எனக்கும் ஏதாவது அபராதம் போட்டிருப்பீர்கள்.

விஜி