அந்த வியாழக்கிழமை ஆஃப்

இன்றைக்கு அலமாரியை ஒழித்தேன். உன் துணிக்கு அடியில் நீ கோடு போடும் ரூல்தடி கிடந்தது. ஸ்டாம்பு மை வாசம் இன்னும் அதில் இருக்கிறது. அழுகை வரும் என்று கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய் அரிசி களைந்தேன். நீ போய் ஒரு மாதம் ஆகிறது.

நீ ஸ்டேஷன் ரைட்டர். யாருக்கு என்றைக்கு டியூட்டி, யாருக்கு ஆஃப் என்று கோடு போட்டு எழுதி இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்து வாங்குவது உன் வேலை. அதனால் நம் போலீஸ் லைன் பொம்பளைங்க எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள்.

"யக்கா, அண்ணாத்தேகிட்ட சொல்லி எங்க ஊட்டுக்காரருக்கு ஞாயித்துக்கிழமை ஆஃப் வாங்கிக் குடுக்கா."

உனக்குக் குழம்பு ஊற்றும்போது ஒவ்வொன்றாகச் சொல்வேன். "இன்னாடி, நீதான் இன்ஸ்பெக்டரா?" என்பாய். ஆனாலும் எழுதிவிடுவாய். ஆள் குறைகிற இடத்தில் உன் பேரைத்தான் போட்டுக்கொண்டாய். அது எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு அம்மா இன்ஸ்பெக்டராக வந்தார்கள். டியூட்டியை ஒரு வாரம் முன்னாடியே சுவரில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டிய பிறகு யார் ஆஃபையும் தொடக்கூடாது, ரைட்டர் ஆஃபையும்தான் என்றார்கள். அப்போது என் வாசலுக்கு ஒருத்தரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு மீன் வாங்கி வந்தாய்.

"தூங்கி எழுந்து வர்றவன் வேலையே வேற மாதிரி கீதுடி," என்றாய். "கம்ப்ளைண்ட் குடுக்க வந்த கெயவிய உக்காரும்மா, தண்ணி குடிக்கிறியான்னு கேக்குறான். அதே ஆளு போன மாசம் எரிஞ்சு எரிஞ்சு வுழுந்தான்."

நீயும்தான் மாறியிருந்தாய். அதை உன்னிடம் சொல்லவில்லை.

எட்டு மாதத்தில் அந்த அம்மாவை மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர், "ஆஃபா? ஆளு எங்கய்யா இருக்கு?" என்று சுவரில் இருந்த தாளைக் கிழித்துப் போட்டாராம். மறுபடியும் என் வாசலில் பொம்பளைங்க.

அப்படித்தான் பக்கத்து வீட்டு வள்ளி வந்தாள். மகளுக்கு வியாழக்கிழமை திருமுல்லைவாயில் கோயிலில் காது குத்து. புருஷனுக்கு ஆஃப் வேண்டும். உனக்கு நெஞ்சு டெஸ்ட்டும் அன்றைக்குத்தான். மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்பாய், ஆனாலும் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் வாங்கிய தேதி. அன்றைக்கு ஒருத்தருக்குத்தான் ஆஃப் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லிவிட்டதாகச் சொன்னாய். பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாய்.

"கொழந்தை விசேஷம், குடுத்துடுயா. டெஸ்ட்டு அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்றேன்.

"சரிங்க மேடம்," என்று சிரித்தாய்.

வியாழக்கிழமை யாரோ மந்திரி வருகிறார் என்று பந்தோபஸ்து. ஆள் குறைய, நீயே ஆவடி ரோட்டில் விடிந்ததிலிருந்து நின்றாய். பதினொரு மணி வெயிலில் விழுந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்னாடியே முடிந்துவிட்டது என்றார்கள்.

நேற்று வள்ளி வந்தாள். இடுப்பில் குழந்தை. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"யக்கா, ஒன்னு கேக்கணும். அன்னிக்கு அண்ணாத்தேக்கு ஆஸ்பத்திரி தேதின்னு ஸ்டேஷன்ல பேசிக்கிறாங்களாம். எங்க ஊட்டுக்காரரு ரெண்டு நாளா சோறே துண்ணலக்கா. நெசமா?"

குழந்தையின் காதில் சின்னதாக ஒரு கம்மல். இன்னும் லேசாகச் சிவந்திருந்தது.

"இல்லடி," என்றேன். "அவுரு தேதி அடுத்த வாரம். யாரோ தெரியாம சொல்லிகினு கீறாங்க. போய் உங்க ஊட்டுக்காரரச் சாப்பிடச் சொல்லு."

அவள் அங்கேயே நின்று அழுதாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு என் பர்ஸில்தான் இருக்கிறது. கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டப் போவதும் இல்லை. அந்த ஆஃபைக் கொடுக்கச் சொன்னது நான். அது உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

காலையில் வள்ளி சொல்லி அனுப்பினாள். அவள் புருஷன் சாப்பிட்டாராம்.