பனிமலையும் கடைசி அத்தியாயமும்

அடியே ஜான்சி,

போன்ல என்னை பிளாக் பண்ணிட்ட, அதான் லெட்டர். நான் படிச்சிட்டிருந்த நாவலோட முடிவை நீ பொசுக்குன்னு சொன்னதுக்கு எல்லார் முன்னாடியும் கத்தினேன். நீயும் வேற உப்பளத்துக்கு வேலைக்குப் போயிட்ட. சரி, அதை விடு.

நம்ம உப்பளத்துல ஷூட்டிங் எடுத்தாங்களே, அந்தப் படம் வந்துடுச்சு. நாம வாரிக் குவிச்ச உப்புதான் அதுல பனிமலை! வேகாத வெயில்ல ஹீரோயின் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடுங்குறா. பனிமலைக்குப் பின்னாடி கம்புல நம்ம சாப்பாட்டுத் தூக்குவாளி தொங்குது. தியேட்டர்ல நான் ஒருத்திதான் சிரிச்சேன். தனியா சிரிச்சா ஒரு மாதிரி பாக்குறாங்கடி.

இதோட ஒரு நாவல் அனுப்பியிருக்கேன். அதுல வர்றவ கடலைப் பார்த்துப் பார்த்து பெருமூச்சு விடுறா. எப்போ சோறாக்குறா, எப்போ தூங்குறான்னே தெரியல. ஆனாலும் அவகிட்ட கோவிச்சிக்கிட்டுப் போனவன் திரும்பி வருவானான்னு எனக்கு மனசு அடிச்சுக்குது. கடைசி அத்தியாயத்தை நான் தொடவே இல்ல. நீ படிச்சிட்டு ஞாயித்துக்கிழமை வந்து முடிவைச் சொல்லு.

சத்தமாவே சொல்லு. கத்த மாட்டேன்.

இப்படிக்கு,
தியேட்டர்ல பக்கத்து சீட்டுல பையைப் போட்டு இடம் பிடிச்சு, படம் முடியிற வரைக்கும் அதை எடுக்காம உக்காந்திருந்தவ