பாடு நாளும் வெறும் வயிறும்

திங்கள்
பனி. ஏரிக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இல்லை. நைனாவுக்கு மறுபடி நெஞ்செரிச்சல். படகு கரையில். கூட்டாளிகளுக்கும் வேலை இல்லை. ஐஸ்காரர் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார். ஒரு வயிறு மக்கர் செய்தால் இத்தனை பேர் சும்மா.

கூட்டாளி கோபால் மாமா: "இன்னா மச்சான், ஏரித் தண்ணியவிட உன் வயித்துல சோடா ஜாஸ்தி போல?"

நைனா ஏப்பத்திலேயே பதில் சொன்னார்.

செவ்வாய்
பொன்னேரியில் ரயில். எதிர் சீட்டுக்காரர் மாத்திரை மெல்கிறார். பக்கத்து ஆள் நெஞ்சைத் தடவுகிறார். மீஞ்சூர் ஆலையில் எனக்கு வேலை. சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்தபடி வீட்டுக்கு. அவர் கையெழுத்துக்காக ஒரு பம்ப் மாலைவரை நின்றது. பம்ப் அடிக்கடி நின்றால் மீட்டிங் போடுவார்கள். வயிறு நின்றால் ஒரு சோடா, அவ்வளவுதான். நாட்டுக்கு இதில் ஆகும் நஷ்டத்தை எவனும் கணக்கில் சேர்ப்பதில்லை.

திரும்பும்போது ஜன்னலோரம் கண்ணயர்ந்தேன். கனவில் முகத்துவாரம் மணலடைத்துக் கிடந்தது. ஏரி மெதுவாக ஒரு ஏப்பம் விட்டது. படகுகள் எல்லாம் ஒருமுறை எழும்பி இறங்கின.

புதன்
டாக்டர்: நாளை மதியம் குழாய் விட்டுப் பார்க்கணும், வெறும் வயிறு.

நாளை காலை எங்கள் பாடு. ஏரியில் இறால் படும் இடத்தில் வலை போட எங்கள் முறை. தவறினால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறார் நைனா.

"பாடு முறைக்கு நான் போறேன். நீ ரெஸ்ட் எடு நைனா."

"கல்யாணம் ஆவாதவனுக்கு ஏதுடா தலைக்கட்டு? நீ போய் நின்னா ஊரு சிரிக்கும்."

"காலைக்குள்ள ஒரு பொண்ணு பாத்துடலாமா?" மாமா.

கல்யாணமானவன்தான் ஊர்க் கணக்கில் தலைக்கட்டு, தலைக்கட்டுக்குத்தான் பாடு. முட்டாள்தனமான சட்டம். முகத்துக்கு நேராகச் சொன்னேன். நைனா வலையை உதறிக்கொண்டே இருந்தார்.

வியாழன்
காற்றில்லை. தண்ணீர் பால் மாதிரி. லீவு போட்டு நானும் படகில். முறைக்கு நைனா, இழுக்க நான். இழுப்பவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உள்ளங்கை இரண்டும் கிழிந்தன. வலை மேலே வந்தபோது இறால் துள்ளல், மழை கீழிருந்து மேலே பெய்வதுபோல. கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துபோயிற்று.

கரை. மாமா தூக்குச்சட்டியைத் திறந்தார். பழையது, கருவாட்டுக் குழம்பு. முதல் பங்கு எப்போதும் நைனாவுக்கு. நைனா தள்ளிவைத்தார்.

"இன்னா நைனா, எரியுதா?"

"எரியாம இன்னா? ராத்திரிலேர்ந்து பச்சத்தண்ணி தொடல." ஏரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வெறும் வயிறுனுதானே சொன்னாரு? பஸ்ஸு எப்போடா?"