ஐந்தாவது சீட்

எஃப்.சி. சோதனைக்குக் காட்ட வேண்டும் என்று இன்று காலை கேம்பர் வேனின் தரைவிரிப்பைச் சுருட்டி எடுத்தேன். துருவும் உப்பும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. நடுவில் நீ போட்ட தடித்த இரும்புத் தகடு. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட ஒரு காரியத்தை இன்றைக்கே முடித்துவிடுவது என்று எழுந்தேன். முடித்துவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன்.

பழைய வேனை நான் வாங்கி வந்தபோது, உள்ளே கட்டிலும் அடுப்பு மேடையும் நீதான் செய்து கொடுத்தாய். என் சீட் போக நாலு சீட். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மரக்காணத்திலிருந்து பெரிய முதலியார்சாவடி, இரும்பை கோயில் என்று இரண்டு நாள் கூட்டிப்போவது என் பிழைப்பு. அந்த வாரம் ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒன்று போனில் கேட்டது. ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து வரலாமா என்றார்கள். "வேணாங்க, இன்னொரு சீட் போட்டுடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு உன் பட்டறைக்கு வந்தேன்.

நீ வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்குரூ டிரைவரால் தரைத் தகட்டைக் குத்தினாய். பொலபொலவென்று உதிர்ந்தது. வருடம் முழுக்க உப்புக்காற்றில் நிற்கிற வண்டி.

"இதுல போல்ட் போட்டா நிக்காதுடா. அறுத்துட்டு, அடியில தகடு குடுத்து, சேசிஸோட புடிக்கணும். ஆர்.சி.ல நாலு சீட்டுன்னுதான் இருக்குது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் எழுதி வாங்கணும். ஒரு மாசம் ஆவும்."

"நாளன்னைக்கு வர்றாங்கடா."

"அப்ப வராதீங்கன்னு சொல்லு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வேறொரு இடத்தில் பழைய சீட் ஒன்றை வாங்கி, நாலு போல்ட்டையும் நானே முடுக்கினேன். பெல்ட்டும் அந்த சீட்டிலேயே இருந்தது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மறுநாள் காலை வேண்டுமென்றே உன் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

நீ ஏறி, அந்த சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாய்.

"உப்பளத்துப் பக்கம் ஓட்டு."

மண் ரோட்டில் வேறு வண்டி இல்லை. இரண்டு பக்கமும் பாத்திகளில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. முப்பதில் போனேன்.

"இப்ப பிரேக் அடி."

கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அழுத்த வரவில்லை.

"அடிடா."

கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். நீ சிரித்தாய்.

"நான் உக்காந்தா பயமாருக்குது. எவன் புள்ளையோ உக்காந்தா பயம் இல்ல, இல்ல?"

அழுத்தினேன்.

போல்ட்டுகள் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்தன. சீட்டோடு முன்னால் வந்து அடுப்பு மேடையின் முனையில் மோதினாய். அப்புறம் வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"தோளு போச்சுடா" என்றாய்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வலியோடு வலியாக, உன் மனைவியிடம் என்ன சொல்வது என்பதையும் நீயே முடிவு செய்தாய். "ஸ்டெல்லாகிட்ட ஏணியில இருந்து வுழுந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. நான் சொல்லித்தானே அடிச்ச."

அந்தக் குடும்பத்தை வர வேண்டாம் என்று அன்றே சொன்னேன். கழுத்திலிருந்து கையைத் தொங்கவிட்ட கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து, ஆள் வைத்து, தரையை அறுத்து, சீட்டைச் சரியாகப் பொருத்தினாய். ஆர்.சி.யில் ஐந்து என்று ஏறும்வரை யாரையும் அதில் உட்கார விடவில்லை. எலும்பு கூடிவிட்டது. எட்டு மாதம் கழித்து நெஞ்சுவலி என்று உட்கார்ந்த நீ எழவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றார் டாக்டர். நான் இரண்டு தடவை கேட்டேன்.

இன்று மதியம் உன் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே ஏணி பொய் என்று சொல்லிவிட்டேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்ணா. குளிப்பாட்டி விட்டது நான்தானே. வயித்துல பட்டையா கன்னிப்போயிருந்துச்சு. ஏணியில இருந்து வுழுந்தா பெல்ட் தடம் வருமா?"

"ஏம்மா கேக்கல?"

"அவரு சொல்ல மாட்டாரு. நீங்களாவது வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்." பிறகு தலை நிமிராமல் கேட்டாள்: "அவரு அடிக்கச் சொன்னாருன்னுதானே அடிச்சீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதை நம்ப அவள் தயாராகவே இருந்தாள்.

"இல்லம்மா. சிரிச்சான். கோவத்துல அடிச்சேன்."

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. கொஞ்சநேரம் நின்றுவிட்டு நானே வந்துவிட்டேன்.

மெதுவாக அழுத்தியிருக்கலாம். எவ்வளவு அழுத்தினால் வண்டி எப்படி நிற்கும் என்பது இருபது வருடம் ஓட்டியவனுக்குத் தெரியாதா? நீ சொல்லித்தான் அடித்தேன் என்று கடைசிவரை நீ நம்பினாயோ, நம்பியதாகக் காட்டிக்கொண்டாயோ, இனி கேட்க முடியாது. உன் வாயால் ஒரு திட்டு வாங்கியிருந்தால் என்றைக்கோ இறக்கி வைத்திருப்பேன். வாங்காத அந்தத் திட்டை ஏற்றிக்கொண்டுதான் இன்னமும் ஓட்டுகிறேன்.