கல் பொறுக்கப் போனவருக்கு

கொரட்டூர்
4.1.1999

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் வயிற்றில் இருப்பதும் நலம். ஆறாம் மாதம் பிறந்துவிட்டது. முன்பு இரண்டு முறை கலைந்ததால், கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்கிறார் டாக்டரம்மா. பக்கத்து வீட்டுக் குப்பம்மாக்காதான் சோறு பொங்கிப் போடுகிறாள். இந்த மாதம் லீவு என்றீர்களே, தள்ளிப் போடாமல் வாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைக்குப் பெயரும் யோசித்து எழுதுங்கள். கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

உங்கள் ரோஸி

ஓமான் பாலைவனம்
2.2.1999

ரோஸிக் கண்ணு,

உன் கடிதம் தண்ணீர் லாரியில் வந்தது. அதே லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

டிரைவர் வேலைக்கு வந்தவனை இந்த வெள்ளைக்காரத் துரை விண்கல் பொறுக்க வைத்துவிட்டார். வானத்திலிருந்து விழுந்த கல் கறுப்பாக இருக்குமாம், உள்ளே இரும்பும் இருக்குமாம். மணலில் கறுப்பாக எது தெரிந்தாலும் ஜீப்பை நிறுத்த வேண்டும். நேற்று ஒன்றைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஆசையாகக் கையில் எடுத்தேன். ஒட்டகப் புழுக்கை. துரை காந்தம் கட்டிய குச்சியோடு நடப்பார். அது ஓரிடத்தில் இழுத்தது. இருவரும் மண்டி போட்டுத் தோண்டினோம், துருப்பிடித்த மீன் டப்பா வந்தது. போன வாரம் ஜீப் மணலில் புதைந்து, குடிக்கத் தண்ணீர் தீர்ந்து, ரேடியேட்டரில் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பயப்படாதே, பிழைத்துத்தானே எழுதுகிறேன்.

கிடைத்த ஒன்றிரண்டு நிஜக் கல்லும் என் கண்ணில்தான் பட்டன. அதனால் மார்ச் வரை இருக்கச் சொன்னார். சரி என்றுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பிரசவத்துக்கு வந்துவிடுவேன். பெயரை நான் வந்து முகத்தைப் பார்த்துத்தான் வைப்பேன். அதுவரை யாரும் வைக்கக்கூடாது, சொல்லிவிட்டேன்.

பாஸ்கல்

கொரட்டூர்
19.2.1999

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நம் பிள்ளையை அடக்கம் பண்ணி ஒரு வாரம் ஆகிறது. ஆண் பிள்ளை. ஏழாம் மாதமே வலி வந்து, குப்பம்மாக்கா ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கம்பெனிக்கும் போன் போட்டாள். பாலைவனத்தில் இருக்கிறார், திரும்பியதும் சொல்கிறோம் என்றார்களாம்.

பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பங்குச் சாமியாரை அழைக்க நேரமில்லை. ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மாதா கோயிலில் படித்தது நினைவுக்கு வந்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஜமீலா என்ற ஆயா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“நீ சொல்லும்மா, நான் சொல்லிகினே ஊத்துறேன். புள்ள பேரு இன்னா?” என்றாள்.

நீங்கள் பெயர் எழுதவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத உங்கள் பெயரைச் சொன்னேன். பாஸ்கல் என்று அழைத்து அவள் தண்ணீர் ஊற்றினாள். அவன் கண்ணைச் சுருக்கினான். நான் பார்த்தது அவ்வளவுதான்.

புழுக்கை சமாச்சாரத்தைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த என்னையும் பிடிக்கவில்லை, எழுதிய உங்களையும் பிடிக்கவில்லை. கல்லறைச் சிலுவையில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறார்களாம். போய்ப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. உங்கள் மேல் உள்ள ஆத்திரமும் தீரவில்லை. இருந்தாலும் கிளம்பி வாருங்கள். அந்தப் பெயரில் ஒருவராவது வீடு வந்து சேர வேண்டும்.

ரோஸி