பாண்ட் விழாது என்கிறான் சேஷு

2 ஜூலை 2004, வெள்ளி

விடாத மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். மாலதி வேலைக்கு வரவில்லை. மழை என்பாள். நேற்று வெயில், நேற்றும் வரவில்லை.

பாங்கிலிருந்து கடிதம். அவர் விட்டுப்போன ரிடையர்மென்ட் பணத்தில் போட்ட டெபாசிட் அடுத்த வெள்ளி முதிர்கிறது. புதுப்பித்தால் பழைய வட்டியில் பாதிதான். பாதியை வைத்துக்கொண்டு பாலிகஞ்சில் ஃப்ளாட் நடத்த முடியாது. மெயின்டனன்ஸ், மருந்து, மாலதி, கரண்ட். எப்படிக் கூட்டினாலும் மாதம் முடிவதற்குள் பணம் முடிகிறது.

மத்தியானம் சேஷு போன். அவருடைய தம்பி, பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் டெபாசிட் முதிரும் தேதியை அவனே சொன்னான். நான் சொன்னதாக ஞாபகம் இல்லை.

"மன்னி, இன்னமும் பாங்க்லயே வச்சு என்ன பண்ணப்போறேள்? மொத்தத்தையும் பாண்ட் ஃபண்ட்ல போட்டுடலாம். மாசா மாசம் டிவிடெண்ட் வரும்."

"விழாதா?"

"பாண்ட் எப்படி விழும்? ஷேர்தான் விழும். இது கவர்மென்ட் கடனுக்குக் கொடுக்கற பேப்பர் மன்னி!"

என் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பிடிக்கவில்லை.

மாடியில் துணி. மறந்தே போனேன்.

3 சனி

மாடி வீட்டு தபன் வந்தான். இன்ஷூரன்ஸ், போஸ்ட் ஆபீஸ், ஃபண்ட் எல்லாவற்றுக்கும் ஏஜென்ட். கையில் ஸந்தேஷ் ஸ்வீட் டப்பா. என் டெபாசிட் விஷயம் இவனுக்கும் தெரிந்திருக்கிறது. இந்தக் கட்டடத்தில் சுவர்களே இல்லை போலும்.

அதே கேள்வியைக் கேட்டேன். பாண்ட் ஃபண்ட் விழுமா?

"விழும் மாஷிமா." சித்தி முறை வைத்து, பெங்காலியில், ஸந்தேஷைக் கடித்துக்கொண்டே. டப்பா எனக்கென்று நினைத்திருந்தேன்.

"கவர்மென்ட் பேப்பரானாலுமா?"

"கவர்மென்ட் பணத்தைத் திருப்பித் தரும், மாஷிமா. ஆனால் நடுவில் விற்றால் என்ன விலை கிடைக்கும் என்று யார் சொல்வது? நாளைக்கு வட்டி ஏறினால் உங்கள் பழைய பேப்பரை யார் வாங்குவார்கள்?"

வட்டி ஏறினால் வட்டி தரும் ஃபண்ட் இறங்குமாம். ஏமாற்றுப் பேச்சு என்று முதலில் தோன்றியது.

"இதில் உனக்கு எவ்வளவு?"

சொன்னான். கூசவில்லை. சொல்லிவிட்டு, அதில் பாதியை எனக்கே கவரில் போட்டுத் தந்துவிடுவானாம். எல்லா வீட்டிலும் வாங்கிக்கொள்கிறார்களாம். "மூன்றாம் மாடி அம்மாள் பேரம் பேசி வாங்கினார்."

உண்மை பேசுகிறவன் எதற்குக் கவர் தருகிறான்? கவர் தருகிறவன் எதற்கு "விழும்" என்கிறான்? இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி? போகச் சொன்னேன். டப்பாவை வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு சாப்பிட்டேன். நல்ல ஸந்தேஷ்.

4 ஞாயிறு

பிள்ளை ரகு சிங்கப்பூரிலிருந்து போன். பேரன் மொழி தெரியாதவன் போல "ஹலோ பாட்டி" என்று ஓடிவிட்டான்.

"சித்தப்பா சொல்றதைக் கேளேம்மா. பாங்க்ல இருந்தவர்."

"அவன் லோன் செக்‌ஷனில் இருந்தான்."

"சரி, அப்ப எல்லாத்தையும் என் பேர்ல மாத்து. ஃப்ளாட்டை வித்துட்டு சென்னைக்குப் போ. நல்ல ஹோம் எல்லாம் இருக்கு. தனியா ஒரு தப்பு பண்ணிட்டேன்னா அப்புறம் என்னம்மா பண்ணுவே?"

ஹோம். அந்தச் சொல்லை எத்தனை மிருதுவாகச் சொல்கிறான்! ஆக, ஒரு தப்பு செய்தால் சென்னை. தப்பே செய்யாவிட்டாலும் பாதி வட்டியில் சென்னைதான், கொஞ்சம் தாமதமாக.

உன் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டவள் நான்தான் என்றேன். சிரித்தான். சிரிக்கச் சொல்லவில்லை.

5 திங்கள்

வெயில். ஊறுகாய் ஜாடிகள் வெளியே.

பழைய பேப்பர் கட்டை அவிழ்த்து, சேஷு சொன்ன ஃபண்டின் யூனிட் விலையைத் தேதிவாரியாகப் பார்த்தேன். டிவிடெண்ட் கொடுத்தவுடன் விலை அதே அளவு குறைகிறது. அப்படியானால் அது வட்டி இல்லை. என் பணத்தில் ஒரு துண்டை வெட்டி எனக்கே தட்டில் வைக்கிறார்கள். போன வருஷம் முழுக்க ஏற்றம். இந்த வருஷம் இறக்கம். மெதுவாக, ஆனால் இறக்கம்தான்.

தபன் சொன்னதையும் நானே யோசித்துப் பார்த்தேன். என் பழைய டெபாசிட்டை விற்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு எல்லாரும் பறிப்பார்கள், இவ்வளவு வட்டி எங்கும் இல்லை. நாளைக்கு பாங்க் அதைவிட அதிகம் தந்தால் என்னுடையதைச் சீந்துவார் இல்லை. விலையைக் குறைத்தால்தான் போகும். அவ்வளவுதான் சமாசாரம். நெடுநாள் பேப்பர் என்றால் இன்னும் குறைக்க வேண்டும்.

பாங்கில் இருந்தவனுக்கு இது தெரியாதா? தெரிந்தே சொன்னானா? அவனுக்கும் கவர் உண்டா?

6 செவ்வாய்

சொல்லாமல் டாக்குரியாவில் சேஷு வீட்டுக்குப் போனேன். ஆட்டோக்காரன் லேக்கைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான். விடவில்லை.

சேஷு பஜாருக்குப் போயிருந்தான். அவன் மனைவி கமலா மட்டும். காபி நன்றாகப் போடுவாள், சிக்கரி கொஞ்சம் அதிகம். பேப்பர் கேட்டேன். கொடுத்தாள். நடுத்தாள் இல்லை.

"பிசினஸ் பக்கம் எங்கே?"

"ஐயோ, அதைக் கேக்காதீங்கோ அக்கா. காலம்பற எழுந்ததும் முதல்ல அதை உருவி எடுத்துண்டு போயிடறார். நான் பாத்துடக் கூடாதாம். எனக்குப் பாக்கவே தெரியாது, அது வேற."

"ஏன்?"

கமலா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லாத வீட்டில். "பொண்ணு மாலுவோட கல்யாணப் பணம் பூரா அந்த ஃபண்ட்லதான் இருக்கு. போன வருஷம் போட்டார். ஏறித்து, ஏறித்துன்னு குதிச்சார். இப்போ பேச்சே காணோம்."

"அப்புறம் எதுக்கு என்னையும் அதிலேயே போடச் சொல்றான்?"

"நானும் அதையேதான் கேட்டேன். மன்னி போட்டா அது நல்லதாத்தான் இருக்கும்ங்கறார். நீங்க எல்லாத்தையும் நாலு தடவை பாத்துட்டுத்தானே செய்வேள்? நீங்க சரின்னுட்டா அவருக்குத் தூக்கம் வருமாம்."

கவர் இல்லை. திருட்டு இல்லை. நான்கு நாளாக அவனைத் திருடனாக்கி வைத்திருந்தேன். கோபம் குறைந்ததா? இல்லை. என் பணத்தைத் தனக்குத் தூக்க மாத்திரையாக்கப் பார்த்திருக்கிறான்.

பையோடு சேஷு உள்ளே வந்தான். என்னைக் கண்டதும் மடித்து அக்குளில் வைத்திருந்த பேப்பரை இன்னும் இறுக்கிக்கொண்டான். "மன்னி! வெள்ளிக்கிழமை ஃபார்மோட பாங்குக்கே வந்துடறேன்."

பைக்குள் எட்டிப் பார்த்தேன். வெண்டைக்காய் முற்றல்.

8 வியாழன்

மாலதி வந்தாள். பல்வலியாம். வீக்கம் நிஜம்.

தபனைக் கூப்பிட்டனுப்பினேன். முடிவு: ஒரே கூடையில் எதுவும் இல்லை. பெரிய பங்கு போஸ்ட் ஆபீஸ் மாத வருமானம். அடுத்தது பாங்க், மூன்று துண்டாக, வெவ்வேறு வருஷத்தில் முதிரும்படி; வட்டி ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றாவது தப்பும். மீதி, சிறியது, பாண்ட் ஃபண்டில். குறுகிய காலப் பேப்பர் மட்டும் வாங்குகிற ஃபண்ட். டிவிடெண்ட் வேண்டாம். விழுந்தாலும் நான் பட்டினி இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தனியாக ஒரு தொகை, தொடக் கூடாது. ஷேர் கிடையாது; தபன் கெஞ்சினான், "கொஞ்சம் மாஷிமா, ஊறுகாய் மாதிரி." அந்த ஊறுகாய் எனக்கு ஆகாது.

வெற்று ஃபார்மில் கையெழுத்துக் கேட்டான், பிறகு நிரப்புவானாம். என் எதிரிலேயே நிரப்ப வைத்தேன். இரண்டு இடத்தில் ஸ்பெல்லிங் தப்பு. கவர் வேண்டாம் என்றேன்.

"அப்போ ஸந்தேஷ்?"

"அது தீர்ந்துவிட்டது."

மாதக் கணக்கு: கரண்ட்டையும் மாலதியையும் தாண்டி வருகிறது. புதிய புடவை கிடையாது. ஃப்ளாட் உண்டு.

9 வெள்ளி

காலையில் மழை, பத்து மணிக்கு விட்டது. பாங்க் வாசலில் சேஷு, இஸ்திரி போட்ட சட்டை, ஃபார்ம். நான் ஏற்கெனவே எல்லாம் முடிவு செய்துவிட்டேன் என்றேன். எங்கே எவ்வளவு என்று சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. பக்கத்திலேயே நின்று நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தான். கவுன்டர்ப் பெண் "ஜாயின்ட் ஹோல்டர் யாராவது?" என்றாள். இல்லை என்றேன். எனக்கே சத்தமாகக் கேட்டது.

படி இறங்கும்போது, "மன்னி, நான் என்னுதை எடுத்துடட்டுமா?"

இந்தக் குடும்பத்தில் பண விஷயமாக யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. பதில் தெரிந்த முகத்தோடு நிற்க ஒரு கணம் ஆசைதான். விலை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது என்றேன். மாலு கல்யாணம் எப்போது?

"தையில."

"அப்படின்னா கல்யாணத்துக்கு வேண்டியதை இப்பவே எடு. தைக்கு வேணும்கிற பணம் அங்கே இருக்கக் கூடாது. குறைஞ்சது குறைஞ்சதுதான். மீதி இருந்தா விடு."

தலையாட்டினான்.

"எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கமலாகிட்ட சொல்லிட்டியா?"

மழை இல்லை. குடையை விரித்துக்கொண்டு நடந்தான்.