பச்சைக் கோட்டுப் பிள்ளை

வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள், அப்பா. பரண் மேல் இருந்ததையெல்லாம் இறக்கியதில் உங்கள் தகரப் பெட்டியும் இறங்கியது. அதன் அடியில், அம்மாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றியபடி அந்தப் படக்கதைப் புத்தகம். சுண்ணாம்பு வாசனையோடு பழைய பசை வாசனையும் மூக்கில் ஏற, வேலைக்கு வந்தவர்களைக் காப்பி குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பங்குச் சாமியார், வெளிநாட்டிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். மற்றவர்களுக்குப் பந்து, பொம்மை. எனக்கு மட்டும் யாருக்கும் தெரியாத பாஷையில் ஒரு புத்தகம். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். நீங்கள்தான் பிரித்துப் பார்த்தீர்கள். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத் தரை, வெள்ளை மேடு. பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் சக்கரமில்லாத வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போகிறாள். வண்டியில் ஒரு நாய்க்குட்டி.

"இது நம்ம வெள்ளைக்கல் கரடுதான் சாமி. நான் வேலை செய்யற எடம்" என்றீர்கள்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து காலையில் கறுப்பாகச் சைக்கிள் ஏறிப் போகிறவர், கல் வெட்டிவிட்டுச் சாயங்காலம் புருவம் வரை வெளுத்துத்தானே திரும்பி வருவீர்கள். வண்டிக்கு ஏன் சக்கரம் இல்லை என்று கேட்டேன். பொடியில் புதையும், அதனால் கழற்றிவிட்டார்கள் என்றீர்கள். கைக்கு ஏன் உறை? கல் கிழித்துவிடும். அவள் வாயிலிருந்து ஏன் புகை வருகிறது என்றபோது மட்டும் கொஞ்சம் திணறினீர்கள். காதில் செருகியிருந்த பீடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அது கல் சுடுகிற சூளைப் புகை என்று சமாளித்தீர்கள்.

அதன் பிறகு அவளைப் பற்றிய சேதி இல்லாமல் ஒரு சாயங்காலமும் நீங்கள் வந்ததில்லை. நாய்க்குட்டி காலில் முள் குத்திவிட்டது என்பீர்கள். அவள் என்னை விசாரித்தாள் என்பீர்கள். ஒரு நாள் அவளுக்குக் கடலை உருண்டை கொடுத்தனுப்பினேன். ரொம்ப நன்றாக இருந்ததாம். அதைத் தின்றது யார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. கை கழுவாமல் புத்தகத்தைத் தொடக் கூடாது. நீங்கள் வந்த அலுப்போடு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்ப்பீர்கள். எட்டு வயதில் நான் அவ்வளவு அதிகாரக்காரி.

பெருமை தாங்காமல் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். இந்தப் பெண் எங்கப்பாவுக்குத் தெரிந்தவள் என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். இது குளிர் தேசத்தில் வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாகக் கொட்டுகிற பனி, அந்த வண்டி அதில் வழுக்கிக்கொண்டு போவது, இந்தப் பெண் சேலம் பக்கமே வந்திருக்க மாட்டாள் என்றார். டீச்சர் சிரித்ததும் வகுப்பே சிரித்தது.

அன்று நீங்கள் சைக்கிளை நிறுத்தும் முன்பே, பொய் சொல்லி ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். நீங்கள் கோபப்படவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச வெள்ளை அது ஒண்ணுதான் சாமி" என்றீர்கள்.

மறுநாள் கை கால் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "அந்தப் புள்ள உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு. கேக்கறயா?" நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டீர்கள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று அம்மா கூட அதட்டினாள். ஒரு வாரமாவது உங்களை அலையவிட வேண்டும் என்பது என் கணக்கு.

மூன்றாம் நாள் காய்ச்சலோடு வந்து படுத்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளை உள்ளே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது, காதோரம் குனிந்து, கேட்கிறேன் அப்பா, சொல்லுங்கள் என்றேன். என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துத்தான் புத்தகத்தைத் திறந்தேன். பச்சைக் கோட்டின் மேல் ஒரு வெள்ளைக் கட்டைவிரல் தடம். முன்பு அது இல்லை. வேலை முடிந்து வந்ததும், கைகூடக் கழுவாமல், எனக்குத் தெரியாமல் எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். கல்லா பனியா என்றுதான் பார்த்தீர்களோ என்னவோ. என்ன சேதி என்று அம்மாவைக் கேட்டேன்.

"எங்கிட்டச் சொல்லலையே சாமி. அது உனக்குன்னாங்க."

பச்சை இப்போது மங்கிவிட்டது. தடம் அப்படியே இருக்கிறது. தொட்டால் உதிர்ந்துவிடுமோ என்று நானும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிந்து பார்க்கிறேன். உங்களைவிட வயதில் எவ்வளவோ மூத்தவளாகிவிட்டேன். நிஜப் பனியை இன்னும் பார்த்ததில்லை. எனக்கும் தெரிந்த வெள்ளை அது ஒன்றுதான்.

கோபம் எப்போதோ போய்விட்டது, அப்பா. காதிலிருந்து கையை எடுத்தும் எத்தனையோ வருஷமாயிற்று. அந்தப் பிள்ளை என்ன சொல்லச் சொன்னாள்?